சாம்பாருக்குப் போனோம்

சாம்பார் மணம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு இட்லி நினைவுக்கு வரும். எனக்குத் துப்பாக்கி நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

நேற்று ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழக்கமான சாப்பாட்டுக் கடையில் மூலை மேசையாகப் பார்த்து இருந்தேன். உள்ளே யாரோ பெருங்காயம் போட்டுத் தாளித்தார்கள். அவ்வளவுதான், எண்பதுகளின் ஒரு குளிர்காலத்துக்குள் போய் விழுந்துவிட்டேன். இப்போது அந்தத் தெருவில் கடைக்குக் கடை சாம்பார். அந்த நாளில் ஆக்லாந்து முழுக்க அலைந்தாலும் துவரம்பருப்பு அகப்படாது. பட்டாணிப் பருப்பைக் கரைய வேகவைத்து, அதற்குச் சாம்பார் என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நான் அப்போது ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் டின் அடைக்கிற வேலை செய்துகொண்டிருந்தேன். எவ்வளவு சோப் போட்டாலும் கையில் டர்பன்டைன் மணக்கும். அங்கே என்னோடு மனம்விட்டுக் கதைத்த ஒரே ஆள் டெஸ். ஸ்மோக்கோ என்று தேநீருக்கு மணி அடித்தால், பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். ஊரை விட்டு வந்தவனுக்கு ஒருவன் இடம் பிடித்து வைப்பது லேசான காரியமில்லை. இந்த நாட்டில் எனக்கு நண்பன் என்றால் அவன்தான். அவனுக்கும் நான்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் டெஸ் சொன்னான்: "சனிக்கிழமை சாம்பாருக்குப் போகிறோம். மனைவியோடு வா. வேறு நண்பர் இருந்தாலும் கூட்டி வா."

வேறு நண்பர் என்றால் ராமநாதன். கும்பகோணத்துக்காரர், பக்கத்துத் தெருவில் குடியிருந்தார், சுத்த சைவம். விஷயத்தைச் சொன்னதும், "வெள்ளக்காரர் வீட்ல சாம்பாரா!" என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சும்மா கையை வீசிக்கிட்டா போறது? எங்க வீட்ல இட்லி பண்ணச் சொல்றேன்."

அப்படித்தான் நாங்கள் இரண்டு குடும்பமும் ஓர் அண்டா இட்லியோடு ஆல்பனியில் டெஸ்ஸின் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். அவன் தோட்டத்துக்கு நடுவே வேனை நிறுத்தித் துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எங்கள் முகங்களையும் அண்டாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கைகளை அகல விரித்துக் கொம்பின் அளவு காட்டினான். "சாம்பார். மான். உன் ஊர் மான்தான். நூறு வருஷத்துக்கு முன் சிலோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது."

"கடமானா?" என்று ராமநாதன் என் காதில் கேட்டார்.

"எங்கட ஊரில மரை" என்றேன் அழுத்தி. வன்னிக் காட்டு மரை எனக்கு முதலே வந்து இங்கே குடியேறியிருக்கிறது, அதுவும் விசா இல்லாமல்! அந்த நிமிஷமே அது என் சொத்தாகிவிட்டது. "வந்தது வந்தாச்சு, மானைப் பாத்துட்டாவது வரலாம்" என்று ராமநாதனும் வேனில் ஏறினார்.

டெஸ்ஸின் அண்ணனுக்கு மனவாட்டு பக்கம் பண்ணை. தெற்கே ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும். ராமநாதன் அந்த இடத்தைக் கடைசிவரை மணவாட்டி என்றுதான் சொன்னார். வழி நெடுக நான் டெஸ்ஸுக்கு மரையைப் பற்றி வகுப்பெடுத்தேன். நான் கண்ட மரையெல்லாம் கறிச்சட்டிக்குள் கிடந்ததுதான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் விடிகிற நேரம், பைன் மரங்களின் ஓரம், ஈரப் புல். துப்பாக்கியோடு டெஸ் நடுவில், நாங்கள் இருவரும் இரண்டு பக்கம். "அசையக் கூடாது, கதைக்கக் கூடாது. அவ்வளவுதான் வேட்டை" என்றான். அசையாமல் இருந்துவிடலாம். கதைக்காமல்? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மெல்லச் சொன்னேன். மரைக்கு மூக்குக் கூர்மை என்றேன். மறுபடியும் வாயைத் திறந்தபோது டெஸ் என் தோளில் கை வைத்து, தூரத்தில் நின்ற வேனைக் காட்டினான். போகும்போது திரும்பிப் பார்த்தேன். ராமநாதன் கம்பளித் தொப்பிக்குள் பிள்ளையார் மாதிரி இருந்தார்.

வேனுக்குள் என் மனைவியும் ராமநாதனின் மனைவி ஜெயாவும் ஒரே போர்வைக்குள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா, கலைச்சுப்போட்டாங்களோ?" என்றாள் மனைவி.

"உங்களுக்குக் காவலுக்கு அனுப்பினவன்" என்றேன். சும்மா இருக்க முடியுமா? "மரை ஆளைக் கண்டால் முதல்ல முன்னங்காலால நிலத்தைத் தட்டும். அந்தச் சத்தத்தை வைச்சுத்தான்..." என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வெடிச் சத்தம் கேட்டது.

"தட்டிப்போட்டுது போல" என்றாள். ஜெயாவுக்குத் தேநீர் புரையேறியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மாட்டுக் கன்று அளவில் இல்லை, மாடு அளவிலேயே கிடந்தது. டெஸ் ராமநாதனின் கையைக் குலுக்கிக் குலுக்கி விட மனமில்லாமல் நின்றான். மரை அவர் பக்கத்தால் வந்திருக்கிறது. டெஸ் அதைக் கவனிக்கவில்லை. ராமநாதன் ஒரு விரலால் அவன் முழங்காலைத் தொட்டிருக்கிறார். "இப்படி அசையாமல் இருக்கத் தெரிந்த ஆளை நான் கண்டதில்லை" என்றான் டெஸ். என் ஊர் மரை, என் நண்பன், நான் கூட்டி வந்த ஆள்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

"சுட்டுடுவாருன்னு நெனைக்கலீங்க, அழகா இருந்துச்சு, காட்டத்தான் தொட்டேன்" என்று ராமநாதன் முகம் வாடிப்போய்ச் சொன்னார். பிறகு அந்தக் குளிரில் தலை முழுகிவிட்டு மிச்ச இட்லியைச் சாப்பிட்டார். அதையும் டெஸ் வாய் பிளந்து பார்த்தான். என் மனைவி யாழ்ப்பாணத் தூள் போட்டு வைத்த மரைக் கறியை மூன்று தரம் வாங்கித் தின்றவன், கறியைப் பற்றி ஒரு சொல்தான் சொன்னான். மிச்சக் கதை முழுக்க ராமநாதனின் விரல்.

திங்கட்கிழமை ஸ்மோக்கோவில் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். நான் இருந்ததும் முதல் கேள்வி, "ராம் எப்படி இருக்கிறான்?"

அடுத்த குளிர்காலம் ஃபோன் ராமநாதன் வீட்டுக்கே போனது. அவர் வந்து சொன்னார்: "டெஸ் உங்களையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னார்." உங்களையும்! அந்த 'உம்' இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. ஓவர்டைம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"உண்மையா ஓவர்டைமோ, இல்லாட்டி எரிச்சலோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓவர்டைம்தான்."

"ஓம், ஓம்."

அதற்குப் பிறகு வருஷா வருஷம் அவர்கள் போனார்கள், எனக்கு ஓவர்டைம். திரும்பி வரும்போது ராமநாதன், தான் தொடாத இறைச்சியைப் பேப்பரில் சுற்றி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்தபடி கொண்டுவந்து தருவார். வயிற்றெரிச்சலோடு சேர்த்தே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

தொழிற்சாலையை இடித்துவிட்டார்கள். டெஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். ராமநாதன் மகனோடு பாட்டனி டவுன்ஸில் இருந்தார், போன வருஷம் அவரும் போனார். அதற்கு முன்னமே என் மனைவி. ஆல்பனியில் டெஸ்ஸின் தோட்டம் இருந்த இடத்தைத் தேடினேன். கடைகளும் கார் நிறுத்துகிற இடமும்தான் இருக்கின்றன. "இங்கேயிருந்துதான் மரை வேட்டைக்குப் போனோம்" என்று பேரனிடம் சொன்னேன். "ஓகே, தாத்தா" என்றான்.

நேற்று நான் கேட்காமலே வழக்கம்போல வந்த சாம்பார் மேசையில் ஆறிப்போயிருந்தது. பரிமாறுகிற பையன் குனிந்து என் முகத்தைப் பார்த்தான். "ஐயா, ரொம்ப நேரமா அசையாம உட்காந்திருக்கீங்க. உடம்பு ஏதும் முடியலையா?"

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். காலையிலிருந்து நான் ஒருவரோடும் ஒரு சொல் கதைத்திருக்கவில்லை. இதை டெஸ் பார்த்திருக்க வேணும். ராமநாதனையும் பக்கத்தில் இருத்திவைத்துப் பார்த்திருக்க வேணும்.