க்ளென்னாவின் கையெழுத்து

எங்கள் மாணவர்கள் க்ளென்னாவுக்கு வைத்திருந்த பெயர் சுங்கச்சாவடி. அவரைத் தாண்டாமல் யாரும் எங்கேயும் போக முடியாது. அயோவாவின் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் உள்ளறையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். குரல் பண்ணைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். பதினொன்றே முக்காலுக்கு முட்டை சாண்ட்விச் பிரித்துவிட்டார் என்றால், தூதரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில், அதற்கான பரிமாற்ற விசாவில் வந்த பிள்ளைகள் வளாகத்தில் ஒரு தட்டு கழுவுவதானாலும் க்ளென்னா கையெழுத்துப் போட்ட கடிதம் முதலில் கையில் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கிவிட்டு வாங்கும் கடிதம் செல்லாது. சாதாரண மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கோ அந்தக் கடிதமே தேவையில்லை. ஒரே அறை, இரண்டு கட்டில், இரண்டு சட்டம். இதை எழுதிய புண்ணியவான்கள் ஒரு நாளாவது விடுதியில் தங்கியிருக்க மாட்டார்கள்.

நான் அதே அலுவலகத்தின் முன்மேசையில் இருந்தேன். ஒன்பது வருடம்.

அந்தச் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புருலாய் வந்தாள். கிர்கிஸ்தானிலிருந்து பரிமாற்ற விசாவில் வந்த பெண், மண்ணியல் படிக்கிறாள். மாணவர் உணவுக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று முகமெல்லாம் சிரிப்பாகப் படிவத்தை நீட்டினாள். வேலை தொடங்கிய நாள் என்ற இடத்தில் போன சனிக்கிழமையின் தேதி இருந்தது.

சனிக்கிழமை இங்கே ஃபுட்பால் ஆட்டம். ஊரே உணவுக்கூடத்தில் வந்து விழும். மேற்பார்வையாளர் மெர்லுக்கு ஆள் போதவில்லை. வேலை கேட்டு வந்து நின்றவளுக்கு அங்கேயே ஏப்ரனை மாட்டிவிட்டார். அவளுடைய அறைத்தோழி இப்படித்தான் சேர்ந்தாளாம், ஒன்றும் ஆகவில்லையாம். தோழி வேறு விசா என்பது இவள் மண்டையில் உறைக்கவில்லை.

தேதியை மாற்றி வேறு படிவம் வாங்கி வா என்று நான் காதோடு சொன்னேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஆனா நான் சனிக்கிழமை வேலை செஞ்சேனே," என்றாள்.

அதற்குள் உள்ளறையின் கதவு திறந்துவிட்டது. க்ளென்னா வந்து படிவத்தை வாங்கினார், தேதியைப் பார்த்தார், அவளை உள்ளே வரச் சொன்னார். கதவைச் சாத்தவில்லை. எனக்கு எல்லாம் கேட்டது.

"அனுமதி இல்லாம வேலை பார்த்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது, எஜே." மூத்த பெண்களை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"உன் படிப்பை நான் இங்கயே நிறுத்தணும். நீ ஊருக்குக் கிளம்பணும்."

பை திறக்கும் சத்தம் கேட்டது. ஆகஸ்டு மாத அறிமுகக் கூட்டத்தில் எழுதிய குறிப்பை அவள் வாசித்தாள். வளாகத்துக்குள் வேலை, வாரம் இருபது மணி நேரம், தாராளமாகப் பார்க்கலாம், கவலை வேண்டாம்.

அது என் வாக்கியம். கவலை வேண்டாம் என்பது உட்பட. அன்றைக்கு நேரமாகிவிட்டது, பீட்சா ஆறிக்கொண்டிருந்தது. வேலை பற்றிய பகுதியை அவசரமாக முடித்தேன். பரிமாற்ற விசாக்காரர்கள் முதலில் கடிதம் வாங்க வேண்டும் என்ற பாதியை விழுங்கிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"யாரு சொன்னது இது?" என்று க்ளென்னா கேட்டார்.

புருலாய்க்கு என்னை நன்றாகத் தெரியும். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் என் மேசையில் நின்றாள். திறந்த கதவு வழியாக ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.

"நிறைய பேரு பேசினாங்க. ஞாபகம் இல்ல, எஜே."

அவளை விடுதிக்கு அனுப்பிவிட்டு க்ளென்னா வெளியே வந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் மாறி மாறிப் பேசிய மூன்று பேரும் அலுவலகத்தில்தான் இருந்தோம். வேலை பற்றிப் பேசியது யார் என்று பொதுவாகக் கேட்டார். மற்ற இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள். நானும் பிதுக்கினேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். இதை அழகாகச் சொல்ல வழியில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

அன்று முழுவதும் க்ளென்னாவின் கதவு திறந்தே இருந்தது. சாண்ட்விச்சைப் பிரிக்கவில்லை. நான் மூன்று முறை எழுந்தேன். ஒருமுறை கதவு வரைக்கும் போய், பிரிண்டருக்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஐந்து மணிக்கு அவர் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.

மாணவி தவறு செய்யவில்லை, எங்கள் அலுவலகம் தவறாகச் சொன்னதை நம்பினாள், அலுவலகத்துக்குப் பொறுப்பான அதிகாரி தான்தான் என்று வாஷிங்டனில் இந்த விசாக்களைக் கவனிக்கும் துறைக்கு எழுதியிருந்தார். நகலை மறுநாள் கோப்பில் வைத்தவள் நான். கீழே அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. புருலாய் தினமும் வகுப்பு முடிந்ததும் வந்து நிற்பாள். இன்னும் வரவில்லை என்று நான் தலையாட்டுவேன். பெட்டியைப் பாதி கட்டி வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அவள் இருக்கலாம். க்ளென்னா அப்போதே அவளுக்கு வேலைக்கான கடிதத்தைப் போட்டுக் கொடுத்து, இருபது மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் தானே உணவுக்கூடத்துக்கு வந்து இழுத்துக்கொண்டு போவேன் என்று மிரட்டி அனுப்பினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பல்கலைக்கழகம் அந்த மாதக் கடைசியில் க்ளென்னாவின் கையெழுத்து உரிமையை எடுத்துக்கொண்டது. தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டவரைப் பொறுப்பில் வைக்க முடியாதாம். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தரும் இடத்துக்கு மாற்றினார்கள். அனுபவம் உள்ளவர் என்று அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு மதியம், திருப்பித் தரப் புத்தகம் எதுவும் இல்லாமல் நூலகத்துக்குப் போனேன். க்ளென்னா தள்ளுவண்டியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் அதைச் சொன்னது நான்தான் என்றேன். மன்னிப்புக் கேட்க வேறு வாக்கியங்களும் யோசித்து வைத்திருந்தேன்.

"தெரியும், டார்லா," என்றார். "யாரு எதைப் பேசணும்னு பட்டியல் போட்டதே நான்தானே."

கைநிறையப் புத்தகங்களை அலமாரியில் வைத்து முடித்தார். குரல் உயரவில்லை.

"அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நீ உள்ள வருவேன்னு பார்த்தேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.