வீலுக்குப் பூசிய சந்தனம்

எங்கள் மேனேஜர் தன் மேஜைக் கண்ணாடியின் மேல் ஒரு பாக்சைட் கல்லை வைத்திருந்தார். பார்க்க வெறும் செம்மண் கட்டிதான். சூளகிரியில் எங்கள் ஷெட்டைப் பார்க்க யார் வந்தாலும், அந்தக் கல்லைக் கையில் கொடுத்த பிறகுதான் டீ கொடுப்பார். இதிலிருந்துதான் விமானம், தூக்குவாளி, உலைக்குள் அடுக்கும் செங்கல், வயிற்றெரிச்சல் மாத்திரை என்று ஒப்பிப்பார். கேட்டு முடித்தவர்களுக்குக் கடைசியாகச் சொன்ன சரக்கு உடனே தேவைப்பட்டிருக்கும்.

அந்தக் கல்லை மின் உலையில் உருக்கி, இறுகியதை நொறுக்கிச் சலித்து, களிமண் சேர்த்துச் சுட்டுத்தான் நாங்கள் ஓட்டும், இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வீலைச் செய்கிறார்கள். இதையும் அவரே சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த வீல் தண்ணீர் குடிக்கும். வெளியே கல், உள்ளே பூராவும் பொடி ஓட்டை. நனைந்து சும்மா நின்றால் தண்ணீர் அடிப்பக்கம் இறங்கி, ஒரு பக்கம் கனத்துவிடும். அப்படியே வேகமாகச் சுற்றவிட்டால் உதறும், சில சமயம் வெடிக்கும். வெடித்தால் துண்டு எதிரில் நிற்பவர் முகத்துக்குத்தான் வரும். எதிரில் நிற்பது நான்.

ஓனரின் மச்சான் என்பதைத் தவிர மேனேஜருக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா ஷெட்டிலும் மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். இவருக்கு அது போதவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி, ஹோஸ் பிடித்து வீலையே குளிப்பாட்டினார். சொட்டச் சொட்ட நின்றதன் மேல் சந்தனத்தை அப்பினார்.

"வேணாங்க சார், வீலு நனையக்கூடாது" என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்க பேசாதம்மா."

மேஜைக் கல்லுக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் மெஷின் ஓட வேண்டுமென்று எல்லோரையும் நிற்க வைத்திருந்தார். நான் வீலை மரப்பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல வீல் கணீரென்று ஒலிக்கும். இது சொத்தென்றது.

"ஈரம் இருக்குது சார். கழட்டிக் காய வெக்கணும்."

"ஒண்ணும் ஆவாது. நேரம் போவுது, ஸ்விட்ச போடு."

பக்கத்து மெஷின்காரி "பேடா அக்கா" என்று கன்னடத்தில் முணுமுணுத்தாள். வேண்டாமென்று எனக்கும் தெரியும். ஆனாலும் கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. அப்போதுதான் அவர் நகர்வதைப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை, போனும் அடிக்கவில்லை. மெதுவாக மூலைக்கு நடந்து, இரும்புத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "ம், போடு" என்றார்.

அதுவரை அவரை முட்டாள் என்றே நினைத்திருந்தேன். முட்டாள் மேல் கொஞ்சமாவது இரக்கம் வரும். இந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்பது உட்பட.

ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். நேராக நடந்து போய் அதே தூணுக்குப் பின்னால், அவரை ஒட்டி நின்றேன். பக்கத்து மெஷின்காரியும் வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"இடம் பத்தல சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

நல்ல நேரம் முடியும்வரை ஸ்விட்ச் பக்கம் யாருமே இல்லை.