கடலைப் பார்த்த முகப்பு

1. தோணி கட்ட வந்தவன்

வீட்டு வேலைக்குப் போன முதல் நாள் என் கருவிப் பையைத் திறந்ததும் சுற்றி நின்ற தச்சர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பையில் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கூடவே வள்ளப் பலகைக்கு அடிக்கிற, விரல் நீளத்தில் சீவிய மர ஆணிகள் ஒரு கட்டு இருந்தது. சிரிப்பு அதற்குத்தான்.

"லேய், இது என்னடே? பல்லு குத்தவா?"

"ஓடாவிக்க மவன்லா. வீட்டக் கட்டிக் கடல்ல எறக்கப் போறான்."

ஓடாவி என்றால் வள்ளமும் தோணியும் செய்கிற தச்சன். என் அப்பா அதுதான். இராஜாக்கமங்கலம் கடற்கரையில் அவர் செதுக்கிய பலகைகளில் ஏறிப் பிழைத்த குடும்பங்கள் நிறைய. ஆனால் நாகர்கோவிலில் பெண் எடுத்த பிறகு அந்தச் சொல் எனக்கு முள்ளாகக் குத்தத் தொடங்கியது. என் மனைவி செல்லம்மையின் அண்ணன் நீலகண்டன் பேர் எடுத்த வீட்டாசாரி. நாலு வீட்டு வேலையை ஒரே சமயத்தில் ஏற்று நடத்துகிறவர். விசேஷ வீடுகளில் செல்லம்மையிடம், "மாப்ள இப்பமும் கடப்புறத்துலதானா?" என்று யாராவது கேட்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவளுக்காகவும், பொய் சொல்வானேன், எனக்காகவும் மச்சானின் செட்டில் சேர்ந்தேன். அந்த வேலையில் தேறினால் நானும் வீட்டாசாரி. தேறாவிட்டால் திரும்பவும் மணலுக்குத்தான் போக வேண்டும்.

சுதந்திரம் வந்த கையோடு உள்ள காலம். எங்கள் பக்கம் இன்னும் தமிழ்நாட்டோடு சேரவில்லை. தாணுமாலயன் முதலாளி என்ற கருப்பட்டி வியாபாரி எங்கள் ஊரிலேயே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில், பெரிய ஓட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலைதான் எனக்கு முதல் வேலை. சொந்த ஊரில் அந்நியனைப் போல நாகர்கோவில்காரர்களோடு போய் நின்றேன்.

மச்சான் சிரிக்கவில்லை. "மாப்ள, அத உள்ள வையும். இது வீடாக்கும்" என்றார். நான் ஆணிக் கட்டை எடுத்துப் பையின் அடியில் திணித்தேன்.

2. முகப்பு

கூரையின் முக்கோண முகப்பும் அதன் ஓரத்தில் இறங்குகிற இறவாரப் பலகையும் என் பங்குக்கு வந்தன. கடலைப் பார்த்த பக்கம். வெயில், மழை, உப்புக்காற்று மூன்றும் நேராக வந்து மோதுகிற இடம். வீட்டுக்குள் கதவு, ஜன்னல் செய்கிறவனுக்குக் கிடைக்கிற பேர் வெளிப் பலகை அடிக்கிறவனுக்குக் கிடைக்காது. ஆனால் வெளிப் பலகை கெட்டால் தண்ணீர் கூரையைத் தாங்குகிற கழுக்கோலில் இறங்கும், கூரையே கெடும். இது எனக்கு வள்ளத்திலேயே தெரிந்த பாடம்தான்.

உள்ளதைச் சொல்கிறேன், அந்த முகப்பில் நான் ஒரு குறை வைக்கவில்லை. நல்ல அயினிப் பலகை. சுவரைப் பார்க்கிற பின்பக்கம் யார் கண்ணுக்கும் படாது. பலர் அதைத் தொடுவதே இல்லை. நான் அங்கேயும் முந்திரித் தோட்டில் எடுத்த அண்டியெண்ணெய் பூசிக் காயவைத்தேன். அறுத்த முனைகள்தான் தண்ணீரைக் குடிக்கும் என்பதால் அவற்றுக்கு எண்ணெய் நிற்கிற மட்டும் திரும்பத் திரும்பப் பூசினேன். பலகையின் அடியில், வடிகிற தண்ணீர் உள்ளே திரும்பாமல் சொட்டிவிட ஒரு காடிப் பள்ளம் இழுத்தேன். இரண்டு பலகை சேருகிற இடத்தைச் சாய்வாக வெட்டிப் பொருத்தினேன். நகம் நுழையாது. மற்றவர்கள் இரண்டு பக்கம் முடித்த நேரத்தில் நான் பாதிதான் முடித்திருந்தேன்.

முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். "ஓய், பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. நீரு இன்னும் தடவிக்கிட்டே இருக்கீரே?"

"முடிஞ்சிரும் முதலாளி."

பலகையை அடிக்க வேண்டிய நாள் வந்தபோது என் கை தானாகப் பையின் அடியில் கிடந்த மர ஆணிக்குப் போனது. மர ஆணி அடிக்க வேண்டுமென்றால் தமரில் கயிறு சுற்றி இழுத்துத் துளை போட வேண்டும். ஒரு மர ஆணி இறங்குவதற்குள் இரும்பாணி ஒரு பிடி அடித்துவிடலாம். இருந்தாலும் மேல் பலகையில் துளை போடத் தொடங்கினேன். சாரத்துக்குக் கீழே ஒருவன், "மக்கா, தோணி எப்பம் புறப்படும்?" என்றான். எனக்குக் காது சுட்டது. தமரைக் கீழே வைத்தேன்.

3. அப்பா வந்த நாள்

அடுத்த நாள் காலையில் அப்பா வந்தார். மணலில் நடந்து வந்த காலோடு, முழங்காலுக்கு மேல் கட்டிய துண்டோடு, கையில் புதிதாகச் சீவிய மர ஆணிக் கட்டோடு. பூவரசின் வைரத்தில் சீவியது. நான் கேட்கவில்லை. கடலைப் பார்த்த முகப்பை மகன் செய்கிறான் என்று கேள்விப்பட்டுச் செய்து கொண்டுவந்திருந்தார்.

"ஏலே மக்கா, கடலப் பாத்த பலகைக்கு இரும்பு ஆகாது கேட்டியா. உப்பு தின்னுட்டுப் போயிரும். இது நனைஞ்சா வீங்கிப் பிடிச்சுக்கிடும்."

செட்டு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. முதலாளியும் நின்றார். ஒருவன் சொன்னான்: "பாட்டா, அப்படியே ஒரு துடுப்பும் கொண்டாந்திருக்கலாம்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாரத்தின் மேல் நின்று நானும் சிரித்தேன்.

கோபத்தில் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். சிரித்தேன். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆணிக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "செரி மக்கா, வேலையப் பாரு" என்று வந்த வழியே போனார். மச்சான் மட்டும் தலையைக் குனிந்து மட்டக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே இரும்பாணி அடித்தேன். அதையும் ஒழுங்காக அடித்தேன் என்பதுதான் கொடுமை. ஆணித்தலையை மரத்துக்குள் இறக்கி, மேலே வச்சிரப் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்து, இழைத்து, எண்ணெய் பூசினேன். எங்கே ஆணி இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

4. மரியாதை

எங்கள் பக்கத்தில் புது வீட்டில் குடியேறுவதற்கு முன் தச்சுக் கழிப்பு என்று ஒரு சடங்கு உண்டு. மரம் வெட்டிய தோஷம் தீர ஆசாரி பூஜை செய்வார். அது முடிந்ததும் வேலை செய்தவர்களுக்கு வேட்டியும் நேரியலும் கொடுத்து அனுப்புவார்கள். மூத்தாசாரியான மச்சானுக்குப் பிறகு முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார்.

"தாமசம் பண்ணினாலும் முகப்பக் கண்ணுல ஒத்திக்கிடலாம் ஓய்" என்று சொல்லி நேரியலைத் தோளில் போட்டார். அன்றிலிருந்து என்னை ஓடாவி மகன் என்று யாரும் சொல்லவில்லை. செல்லம்மை அந்த நேரியலை மடித்துப் பெட்டியில் வைத்தாள். விழாவுக்கு அப்பா வரவில்லை. அவரை நான் அழைக்கவும் இல்லை.

5. துரு

இரண்டு ஆடிக்காற்று தாண்டியது. முதலாளி ஆள் அனுப்பினார். முகப்பிலிருந்து ஒரு பலகை கிணற்றடியில் விழுந்திருந்தது. தண்ணீர் இறைத்துவிட்டு அவர் மகள் குடத்தோடு அப்போதுதான் உள்ளே போயிருக்கிறாள். கேட்டதும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏணியில் ஏறினேன். வெள்ளைச் சுவரில் துருத்தண்ணீர் செங்கோடாக வழிந்திருந்தது. பலகையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பின்பக்கம் ஒரு பொட்டுக் கறையான் இல்லை. முனை உளுத்துப்போகவில்லை. காடி சுத்தமாக இருந்தது. வச்சிரத்தைச் சுரண்டி ஆணியைக் குறட்டால் பிடித்தால், பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. ஆணியைச் சுற்றி மட்டும் மரம் கருத்திருந்தது. அத்தனை வேலையும் சரியாக இருந்தது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஒன்றுதான் செத்துப்போயிருந்தது. நான் அழகாக மூடி வைத்ததால், சாகிறது வெளியே தெரியாமலும் போயிருந்தது.

கீழே முதலாளி கேட்டார்: "என்ன ஓய், மரம் சரியில்லையா?"

மரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். "மரம் நல்ல மரம் முதலாளி. நான் அடிச்ச ஆணிதான் கொள்ளாது" என்று சொன்னேன்.

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போனேன். அப்பா ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். கருவிப் பையை மணலில் வைத்தேன். அவரே கேட்டார்.

"முகப்பு எளகிட்டா மக்கா?"

"ஆமாப்பா."

"பலகைக்குக் கேடு உண்டுமா?"

"இல்ல."

"பொறவென்ன." எழுந்து குடிசைக்குள் போனார். அடுப்புக்கு மேலே புகையேறிய கயிற்றில் தொங்கிய ஆணிக் கட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கொண்டுவந்த அதே கட்டு. ஆணிகள் கருத்துப்போயிருந்தன, ஒன்றோடொன்று மோதினால் எலும்பு போலச் சத்தம் கேட்டது.

"நல்லா ஒணங்கிட்டு. இப்பம் அடிச்சா அப்பத்தைய விடப் பிடிக்கும்" என்றார்.

"நீரும் வாரும் அப்பா. துளை நீரு போட்டாத்தான் சரியா வரும்" என்றேன். அது உபசாரப் பேச்சு இல்லை. எனக்கு அவர் அங்கே வர வேண்டும். அந்தச் சாரத்தில் என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்பா வள்ளத்தருகே உட்கார்ந்து உளியை எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நான் வரல்ல மக்கா. நீ பேரு எடுத்த எடம். நான் வந்து நின்னா ஒனக்குக் கொறச்சலாயிரும்."

தனியாகப் போய் அடித்தேன். ஒவ்வொரு ஆணிக்கும் தமரில் கயிறு இழுத்து, பொறுமையாக. யாரோ கீழே, "இது என்ன, வள்ளத்து வேலையா?" என்று கேட்டார்கள். "ஆமா, எங்க அப்பாக்க வேலை. அவரு ஓடாவி" என்று சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழுகிற தூரத்தில் இல்லை.

கடலோரத்தில் வேலை எடுக்கிற தம்பிமாருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: வெளிப் பலகைக்கு இரும்பாணி அடிக்காதீர்கள். பித்தளை ஸ்குரூ கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் மர ஆணி அடியுங்கள். தாமதமாகும், கேலி செய்வார்கள், செய்யட்டும். கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து நீங்களும் சிரித்துவிடாதீர்கள்.

முகப்பு பிறகு அசையவில்லை. அப்பா இருந்த காலம் வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போய் வந்தார். ஒரு நாளும் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை. வந்து பாரும் என்று இன்னொரு தடவை கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.