ஒட்டாத ஏழு அட்டைகள்

அக்கா இறந்த பிறகு கல்லூரியில் அவள் படத்தைத் திறந்து வைத்து, நடையியல் ஆய்வின் முன்னோடி என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். உயிரோடு இருந்தபோது அவளுக்கு அங்கே கூட்டல் டீச்சர் என்று பெயர். அவள் என்ன ஆராய்கிறாள் என்று கேட்ட அலுவலக உதவியாளர், "நடையா? டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரா டீச்சர்?" என்று விசாரித்தார். அவரையாவது மன்னிக்கலாம். படித்தவர்களும் அதே லட்சணம்தான்.

அவள் வேலை இதுதான். ஒருவர் எழுதியதை எடுத்துக்கொள்வாள். விஷயத்துக்கு வர அவருக்கு எத்தனை சொல் ஆகிறது, கெட்ட செய்தியை எதற்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார், தனக்கே தெரியாமல் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று எண்ணுவாள். கையெழுத்தை மாற்றிக்கொள்ளலாம், இதை மாற்ற முடியாது என்பாள். ஒரு வாக்கியத்துக்கு ஓர் அட்டை. நான் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்ததால், வெட்டி எறிகிற அட்டைத் துண்டுகளை மூட்டை கட்டி அவளுக்குக் கொண்டு வருவேன். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் இருந்த ஒரே மேசையை அட்டைகள் பிடித்துக்கொண்டன. பத்து வருஷம் நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டவள்.

ஒருமுறை முதல்வர்மேல் மொட்டைக் கடிதம் வந்தது. எழுதியது துணை முதல்வர்தான் என்று அக்கா இரண்டே நாளில் சொல்லிவிட்டாள். கோபப்படுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு. அதன் பிறகு அவளிடம் விடுப்புக் கடிதம் கொடுக்கவே ஆட்கள் பயந்தார்கள். இந்தக் கதை ஊரெல்லாம் பரவி, கடைசியில் அரசு வக்கீல் எங்கள் வீட்டுப் படி ஏறினார்.

ஒரு கிடங்கு எரிந்து, உள்ளே தூங்கிய காவலாளி செத்துப்போயிருந்தார். மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். தீ வைத்தது நான்தான் என்று ஒன்றரைப் பக்கம் டைப் அடித்த வாக்குமூலம்; கீழே அவர் கையெழுத்து. அடித்துக் கையெழுத்து வாங்கினார்கள், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அவர். டைப் அடித்ததில் கையெழுத்தை ஒப்பிட வழி ஏது? அதனால் ஊரிலிருந்த மனைவிக்கு அவர் அனுப்பிய ஒன்பது கடிதங்களை வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் உட்கார்ந்தாள். கடிதங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம், வாக்குமூலத்தில் நாற்பத்தொன்று. இரண்டிலும் சங்கடமான விஷயம் வருமுன் "மறைக்க என்ன இருக்கிறது" என்று ஒரு பீடிகை. இரண்டிலும் முதலில் நேரம், பிறகு இடம், கடைசியில் ஆள். கடிதங்களில் ஏழு வாக்கியம் மட்டும் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவற்றை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, மூடிமேல் "ஒட்டாதவை" என்று எழுதினாள். எந்த ஆய்வானாலும் இப்படிக் கொஞ்சம் மிஞ்சும்.

"எல்லாரும் எப்பவாவது தன்ன மாதிரி இல்லாம பேசுவாங்கடி," என்றாள்.

சாட்சி சொன்ன அன்று நான் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். நீதிபதி கடிதக் கட்டைத் தூக்கிக் காட்டி, "இதெல்லாம் உன் கடிதங்கள்தானா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, என்னோடதுதான்," என்றார் அந்த மனிதர். பின் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி அப்போது மட்டும் நிமிர்ந்தாள். அதைப் பார்த்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. கடிதங்களும் வாக்குமூலமும் ஒரே ஆளின் நடை என்று அக்கா அட்டை அட்டையாக விளக்கினாள். பன்னிரண்டு வருஷம் போட்டார்கள். மறுநாள் அச்சகத்தில் அக்காவைப் பற்றி நான் அடித்த பெருமைக்கு அளவே இல்லை.

ஐந்து வருஷம் கழித்து, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் ஒரு மனு கொண்டுவந்தாள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு, தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவரிடம் எழுதி வாங்கியது. சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றாள். அக்கா படித்தாள். "மறைக்க என்ன இருக்கிறது, வீட்டில் வருமானம் இல்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றினாள், மறுபடி போட்டாள். பரணிலிருந்து பழைய பெட்டிகளை இறக்கச் சொன்னாள். அன்று மத்தியானமே இருவரும் தபால் நிலையத்துக்குப் போனோம்.

அந்தத் தொழிலாளியின் பெயரைச் சொன்னதும் எழுதுபவருக்கு எல்லாம் நினைவு வந்தது. "அவனா மேடம்? பொண்டாட்டி அஞ்சாவது படிச்சவ, இவனுக்குப் பேர் மட்டும்தான் போடத் தெரியும். எழுதக் கத்துக்கிட்டேன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சுவான். அவன் விஷயத்த சொல்வான், நான் என் பாணியில எழுதுவேன். அபூர்வமா, இத மட்டும் நான் சொன்ன மாதிரியே போடுங்கம்பான். போட்டுடுவேன்."

"அந்த வாக்குமூலம்?" என்று கேட்டாள் அக்கா.

"ஸ்டேஷன்ல டைப் அடிக்கிறவர் அன்னைக்கு லீவு. என்னக் கூப்பிட்டாங்க. இன்ஸ்பெக்டர் விஷயத்த சொன்னாரு, நான் என் பாணியில அடிச்சேன்."

"கையெழுத்துப் போட்டவர் என்ன சொன்னாரு?"

"அவன் அந்த ரூம்லயே இல்லயே மேடம்."

"இத ஏன் நீங்க கோர்ட்ல சொல்லல?"

"யாரும் கேக்கல. நானும் ஸ்டேஷன தாண்டித்தான தினம் வீட்டுக்குப் போகணும்."

அக்கா அவரைத் திட்டவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுத்தது.

அன்றே நீதிமன்றத்துக்கு எழுதினாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. கைதி நுரையீரல் நோயால் சிறையில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி மனுக் கொடுத்தால் வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று இரண்டே வரி. அக்கா அந்தக் காகிதத்தைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மனைவி மனுக் கொடுக்க வேண்டுமென்றால், கடிதங்களை எழுதியது அவர் இல்லை என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். நான் சண்டைக்கே போனேன். "செத்தவருக்கு விடுதலை வாங்கி என்ன பண்ணப் போற? அவகிட்ட இருக்கறது அந்தக் கடுதாசி ஒண்ணுதான். அதயும் பிடுங்கணுமா?"

"கொலகாரன் பொண்டாட்டின்னு சொல்றாங்கடி அவள. நான் சொன்னதாலதான சொல்றாங்க," என்றாள். பிறகு சின்னப் பெட்டியைத் திறந்து ஏழு அட்டைகளையும் மேசையில் பரப்பினாள். நான் அவற்றை அப்போதுதான் படித்தேன்.

"கதவ ரெண்டு தடவ பாத்துட்டுப் படு." "பல்லு வலிச்சா தனியா போகாத, பக்கத்து வீட்டம்மாவ கூட்டிட்டுப் போ." "நீ சிரிக்கிறது இங்க கேக்குது." இப்படியே ஏழு.

"இது மட்டும்தான் அவர் பேச்சு," என்றாள் அக்கா. "வாக்குமூலத்துல நாப்பத்தொண்ணுல ஒண்ணுகூட ஒட்டாம போகல. அன்னைக்கே அத கவனிச்சேன். எவ்வளவு சுத்தமா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன்டி." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இறந்தவரின் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் ஒரே அறை. உட்காரச் சொன்னாள், அக்கா உட்காரவில்லை. நின்றபடியே ஒன்று விடாமல் சொன்னாள். முடிந்ததும் அந்தப் பெண் படுக்கைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். கடிதங்கள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தன.

"எனக்காக எழுதக் கத்துக்கிட்டாருன்னு நெனச்சேன்," என்றாள். "தினம் படிக்கிறேன் டீச்சர்."

அக்கா ஏழு அட்டைகளையும் அவள் கையில் கொடுத்து, இவை மட்டும் அவர் சொன்னது சொன்னபடி என்றாள். அவள் உதடு அசையப் படித்தாள். மூன்றாவது அட்டையில் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. "அவருதான். இப்படித்தான் பேசுவாரு."

எல்லாவற்றையும் படித்து முடித்து அட்டைகளின் ஓரத்தை விரலால் தடவினாள். ஓரம் பழுப்பேறியிருந்தது.

"இத நீங்க எப்ப எழுதி வச்சீங்க?"

"கேஸ் நடந்தப்ப," என்றாள் அக்கா.

"அப்ப அவர் உங்க கையிலயே இருந்திருக்காரே டீச்சர்."

"ஆமாம்மா," என்றாள் அக்கா. "என் கையிலதான் இருந்தாரு."

அவள் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அட்டைகளைத் திருப்பித் தரவில்லை, அக்காவும் கேட்கவில்லை. திரும்பி வருகையில் பஸ்ஸில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆட்கள் இருப்பதுகூடத் தெரியாமல் அக்கா அழுதாள். அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர இன்னும் பதினான்கு மாதம் ஆனது. அதற்குள் எங்கள் மேசை காலியாகிவிட்டது. நான் தட்டை அதில் வைத்துச் சாப்பிட்டேன். அக்கா தன் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.