ஈயப் பனை

எங்கள் வீட்டு ரசம் ருசி கெட்டுப்போனதற்கு எல்லைப் போராட்டம்தான் காரணம். அம்மாவின் ஈயச்சொம்பைச் சித்தப்பா உருக்கிவிட்டார்.

பாறசாலையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா நெய்யாற்றின்கரைத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ். இரண்டையும் அதிகம் பேசமாட்டார். அவருடைய தம்பியான சித்தப்பா அவருக்கும் சேர்த்துப் பேசுவார். மலையாளச் சர்க்காரின் கீழிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று அவர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கூட்டம் கூடக்கூடாது என்று சர்க்கார் தடை போட்ட பிறகு அவருக்கு உற்சாகம் இரட்டிப்பாகிவிட்டது. தடையை மீறி வருகிற ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். கடையில் செய்யக் கொடுத்தால் போலீசுக்குத் தெரிந்துவிடும். ஆகவே வீட்டிலேயே வார்த்துவிடலாம் என்று முடிவுசெய்தார்.

பேட்ஜுக்கான படம் என்னுடையது. அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். ஸ்லேட்டில் நான் வரைந்திருந்த ஒற்றைப் பனையைப் பார்த்து, "மக்கா, இது போதும். இதுக்கு மேல ஒரு கோடு வேண்டாம்" என்றார். அதற்கு முன்னும் பின்னும் என் ஓவியத்தை யாரும் அவ்வளவு மெச்சியதில்லை.

உடைந்துபோன கல்சட்டி ஒன்று கொல்லையில் கிடந்தது. அதன் அடிப்பாகத்திலிருந்து இரண்டு துண்டு அறுத்தெடுத்து, மணலும் தண்ணீரும் விட்டு ஒன்றோடொன்று உரசி உரசி, நடுவே ஒரு தாள்கூட நுழையாதபடி பொருந்தவைத்தார். ஒரு துண்டில் பனையைத் தோண்டினார். உளி கிடையாது, குடைக்கம்பியைத் தீட்டிக் கூராக்கிக்கொண்டார். சித்தப்பா பொறுமையாக ஒரு வேலை செய்ததை அந்த வாரத்தில்தான் வீட்டில் எல்லோரும் பார்த்தோம். பரீட்சைக்கு இப்படி உட்கார்ந்திருந்தால் பாஸாகியிருப்பான் என்று அப்பா சொன்னார்.

அம்மா ஒரு கல்யாணத்துக்காகப் பூதப்பாண்டியிலிருந்த தாய்வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வார்ப்பு தொடங்கியது. முதலில் வந்தவை மொட்டைப் பனைகள். ஈயம் அடிமரம் வரை ஓடிவந்து, ஓலைக்குப் போகாமல் நின்றுவிட்டது. உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி இல்லை என்று கண்டுபிடிக்கச் சித்தப்பாவுக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஓலை நுனிகளிலிருந்து கல்லின் விளிம்பு வரை மயிரிழைபோலக் கீறிவிட்டார். ஒருமுறை கல்லில் ஈரம் இருந்து ஈயம் தெறித்து அவர் மீசை கருகியது. பிறகு ஒவ்வொரு முறையும் கல்லை அடுப்பில் காயவைத்து, ஈயம் ஒட்டாமலிருக்க விளக்குப்புகையில் காட்டிக்கொண்டார். கடைசியில் ஓலையெல்லாம் விரிந்த பனை ஒன்று கல்லிலிருந்து கழன்று விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. அத்தனை அழகு. ஊக்குகளைப் பின்னால் பற்றவைக்க நவச்சாரம் வாங்கிவந்தார். பேட்ஜ்கள் நெல்பெட்டியில் நெல்லுக்குள் நிறைந்தன.

அம்மா திரும்பி வந்து ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டுச் சொம்பைத் தேடினாள். அது அவள் தாய்வீட்டுச் சீதனம்.

"மதினி, சொம்பு போனா வேற வாங்கலாம். தாலுகா போனா வாங்க முடியாதாக்கும்" என்றார் சித்தப்பா.

"ரசம் வைக்கதுக்கு ஒரு சொம்பு இல்லாத வீட்டுக்குத் தாலுகா எதுக்கு?" என்று கேட்டாள் அம்மா. அதன்பின் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோறு மட்டும் வழக்கம்போலப் போட்டாள். மண்சட்டியில் வைத்த ரசத்தை அவருக்கு மட்டும் இரண்டாம் தடவையும் ஊற்றினாள், அது தண்டனை.

கூட்டத்துக்கு முந்தின வாரம், நல்ல உச்சிவெயிலில் அப்பா ஆபீசிலிருந்து வந்துவிட்டார். நேரத்துக்கு முன்னால் அவர் வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டே வெயிலில் நடந்து வந்திருந்தார். சித்தப்பா மார்த்தாண்டத்துக்குப் போயிருந்தார்.

அப்பா நேரே அம்மாவிடம் போனார். "பாத்திரமெல்லாம் களிம்பு பிடிச்சுக் கெடக்கு. ஈயம் பூசணும்."

"பூசுதவன் வரட்டும்."

"அவன் வரமாட்டான். இப்பவே பூசணும்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு முற்றத்தில் கரி மூட்டினாள். அப்பா கல் அச்சு இரண்டையும் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டார். நெல்பெட்டிக்குள் கைவிட்டு, என் பனைகளை அள்ளி அள்ளி இரும்புச் சட்டியில் கொட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் முதன்முறையாக அப்பா என்னை அடித்தார்.

அம்மா அதுவரை ஈயம் பூசியதில்லை. பூசுகிறவன் செய்வதைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். பித்தளைப் போணியைக் கரியில் காயவைத்து, சித்தப்பாவின் நவச்சாரத்தையே தூவினாள். வெள்ளைப் புகை எழுந்தது. உருகிய ஈயத்தைத் தொட்டுவைத்துத் துணியால் வழித்தாள். திட்டுத்திட்டாகப் பிடித்தது. இரண்டாவது போணி பரவாயில்லை. மூன்றாவதில் கை சுட்டுக்கொண்டாள். பாதிப் பனைகள் இன்னும் உருகாமல் கிடக்கும்போதே இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் படலைத் திறந்துகொண்டு வந்தார்கள். அம்மா சட்டியைச் சாம்பலில் கவிழ்த்து, காலால் மூடினாள்.

கான்ஸ்டபிள்கள் நெல்பெட்டியைக் கவிழ்த்தார்கள், வைக்கோல்போரைக் குத்திப் பார்த்தார்கள். பேட்ஜும் கிடைக்கவில்லை, சித்தப்பாவும் கிடைக்கவில்லை. அகப்பட்டிருந்தால் சித்தப்பாவுக்கு ஜெயில். அப்பாவுக்குச் சர்க்கார் வேலை போயிருக்கும். அன்று எனக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா அந்த இன்ஸ்பெக்டரிடம் மலையாளத்தில் சிரித்துப் பேசி, மோர் கொடுத்து உபசரித்ததுதான். ஆபீசுக்குப் போகவில்லையா என்று அவர் கேட்டதற்கு, வயிற்றுவலி என்று அப்பா வாய் கூசாமல் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் முற்றத்துக்கு வந்து அம்மா பூசிய போணிகளை நின்று பார்த்தார். கையிலிருந்த பிரம்பால் சாம்பலைச் சும்மா கிளறினார். ஓர் ஓலை நுனி பளிச்சென்று தெரிந்தது. அவர் அதே பிரம்பால் சாம்பலைத் திரும்பத் தள்ளிவிட்டு, அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நல்ல பணியாணல்லோ. என்றெ வீட்டிலும் கொறச்சு பாத்ரம் உண்டு. நாளெ ராவிலெ கொடுத்தயக்காம்."

"அதினெந்தா, அயச்சோளூ" என்றார் அப்பா, அதற்கென்ன, காலையில் பாத்திரங்களை அனுப்புங்கள் என்று.

மனிதர் கண்ணில் எதுவும் படவில்லை என்று நான் நிம்மதி அடைந்தேன். ஆனால் சுட்ட கையோடு இருக்கிறவளிடம் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பா மட்டும் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கான்ஸ்டபிள் பெரிய உருளிகளைக் கொண்டுவந்து இறக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். முகம் தெரிகிற அளவுக்குப் புது ஈயம் பளபளத்தது. அம்மாவும் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"பூசிக் குடு. இருக்கதெல்லாம் போட்டுப் பூசு" என்றார் அப்பா.

சாம்பலுக்குள் கிடந்தவற்றையெல்லாம் பொறுக்கி உருக்கி, கடுகளவு மிச்சம் வைக்காமல், அந்தப் பளபளப்பின் மேலேயே அம்மா பூசினாள். உருளிகள் போன பிறகு, மத்தியானம் திருவனந்தபுரத்திலிருந்து வேறு அதிகாரி ஒருவர் பெரும்படையோடு வந்தார். அவர்கள் அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்தார்கள். வெறும் சாம்பல்தான் விழுந்தது.

சித்தப்பா திரும்பி வந்ததும் அண்ணனைத் துரோகி என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போனார். பிறகு எல்லை பிரித்தபோது எங்கள் ஊர் இந்த மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. அவர் நாகர்கோவிலில் குடியேறி, தமிழ்நாட்டுச் சர்க்காரில் குமாஸ்தா ஆனார். அப்பா தன் பங்குக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமலே ரிட்டையரானார். என்னிடமும் சொல்லவில்லை.

உருளிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய அன்று நான் அம்மாவிடம் கேட்டேன், ஏற்கெனவே ஈயம் பூசின பாத்திரத்துக்கு எதற்கு இன்னொரு பூச்சு என்று. அம்மா கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "போலீசுக்காரங்க வீட்டுப் பாத்திரத்துக்கு ரெண்டு பூச்சு உண்டாக்கும்" என்றாள். வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.