ஒயர் கொடுக்காத ஸ்பீக்கர்

நண்பர்களே, இன்று எனக்கு நல்ல தலைகுனிவு.

பள்ளிக்கூடம் விட்டதும், என் வால்வு ரேடியோவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கிப் புத்தக அலமாரியில் வைக்கலாமென்று திண்டுக்கல் கடைத்தெருவுக்குப் போனேன்.

ரேடியோ கடையில் ஆத்தூர் விவசாயி ஒருவர் நின்றார். உள்ளறையில் படுத்தே கிடக்கும் மனைவி பாட்டுக் கேட்க, விலை குறைந்த சின்ன ஸ்பீக்கரைப் பார்த்து வைத்திருந்தார். பக்கத்தில் பெரியது ஒன்றும் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"வாத்தியாரு மாதிரி இருக்கீங்க. எது நல்லாருக்குன்னு சொல்லுங்க சார்" என்றார்.

இரண்டிலும் காதை வைத்துப் பார்த்தேன். "பெருசுதான் கணீர்னு இருக்கு. சின்னது வெறும் தகரச் சத்தம்."

"அம்புட்டு விலைக்கு நமக்கு ஏலாது. அப்ப வாரேன்" என்று வெறுங்கையோடு கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "சார், பெருசுக்கு இன்னும் ஒயரே கொடுக்கல. பாடுனது பூராம் சின்னதுதான். அவரு முன்னாடி வாத்தியாரு உங்களத் தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு..."

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

"சின்னதே நல்லாத்தாங்க இருக்கு" என்றேன் ஜன்னல் வழியே.

"என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றீங்க. இருக்கட்டும் சார்."

வேறு வழியில்லை. அத்தனை பேர் காதிலும் விழ நடந்ததைச் சொன்னேன். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி, "வாங்க சார், கடை சாத்துறதுக்குள்ள போவோம்" என்றார். சின்னதை வாங்கிக்கொண்டு எனக்கு நன்றியும் சொன்னார். அதுதான் இன்னும் சுடுகிறது.

என் பேச்சைக் கேட்டு நீங்கள் எதையாவது வாங்காமல் விட்டிருந்தால் ஒரு கார்டு போடுங்கள். தபால்காரருக்குச் சுமை கூடுமோ என்றுதான் பயம்.