கரி மூட்டையின் சூடு

அந்த இரும்புத் தொட்டியைச் செய்தவன் நான்தான். கோவையில் நான் நடத்தும் வெல்டிங் பட்டறையில், அகன்ற வாயும் குறுகிய அடியுமாகப் புனல்போல அதை ஒட்டி நிமிர்ந்தபோது, பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, எந்தக் கோயில் அண்டா என்று கேட்டார். அக்கா தோட்டத்தில் பயோசார் சுட என்றேன். மண்ணுக்குப் போடுகிற கரி என்று விளக்கியதும் சிரித்தார்.

அக்காவுக்கு அன்னூர்ப் பக்கம் மூன்று ஏக்கர். மாமா இறந்த பிறகு ஒற்றை ஆளாகப் பண்ணையம் பார்த்தார். சரளை மண், விட்ட தண்ணீர் நிற்காது. போர்வெல்லும் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் இறைக்கும். காற்று அதிகம் படாமல் சுட்ட கரியைச் சாணக்கரைசலில் ஊறவைத்து மண்ணில் கலந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று விவசாயிகள் கூட்டமொன்றில் கேட்டு வந்திருந்தார். வேலியோரம் மண்டிக்கிடந்த வேலிக்காத்தான் முள்மரங்களை வெட்டிக் காயப்போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் தீ மூட்டினோம். ஓர் அடுக்கு கனன்று மேலே வெண்சாம்பல் படரத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு விறகு. இப்படியே சாயங்காலம்வரை. தொட்டி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றினோம். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் அக்காவின் முகம் மறைந்தது. இரண்டு டிரம் தீர்ந்தும் அடியில் ஏதோ சடசடத்துக்கொண்டே இருந்தது. இன்னொரு டிரம் ஊற்றலாமா என்று அக்கா தயங்கினார். வாழைக்கு வைத்திருந்த தண்ணீர் அது. எனக்கோ இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும்.

"போதுங்கக்கா. ஆறிப்போச்சு. தண்ணிய எதுக்கு வீணாக்கறீங்க?" என்றேன்.

மறுநாள் கரியைச் சாக்குகளில் கட்டிவிட்டு அக்கா போன் செய்தார். குரலில் தயக்கம் இருந்தது.

"மூட்ட இன்னும் வெதுவெதுன்னு இருக்குது தம்பி. சாளைக்குள்ள வெக்கறதுக்கு மனசு வரமாட்டேங்குது."

அவர் சொன்ன சாளை, மாடும் கன்றும் கட்டுகிற கூரைக் கொட்டகை. ஒரு பக்கம் மாட்டுத் தீனிக்கான காய்ந்த சோளத்தட்டு அடுக்கியிருக்கும். வெயிலில் கிடந்த சூடுதான், மழை வரும்போல இருக்கிறது, உள்ளே வைத்துவிடுங்கள் என்றேன். அப்போது நான் ஓர் இரும்புக் கேட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். தோளில் போனை இடுக்கியபடி சொன்ன பதில் அது. நீ சொன்னாச் சரி என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மழை வரவில்லை. காற்று மட்டும் வந்தது. மூன்றாம் நாள் மதியம், அணையாமல் சாக்குக்குள் உயிரோடிருந்த கங்கு சோளத்தட்டில் பிடித்தது. அக்கா உள்ளே ஓடி மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். கன்றின் முடிச்சு இறுகிக்கொண்டது. அதை அவிழ்க்க நின்ற நேரத்தில் எரிந்த கூரை அவர்மேல் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். களத்தில் அந்த மாடு சாளை இருந்த திசையைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது.

தீப்புண் ஆறியபோது அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் ஒட்டிக்கொண்டன. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்றபோது, அது என்ன பண்ணும், கிடக்கட்டும் என்று தடுத்துவிட்டார். அடுத்த ஆடியில் வாழைக் குழிகளில் பாதிக்கு மட்டும் மறுபடியும் சுட்ட கரியைப் போட்டார். தண்ணீர் சுண்டிய மாதங்களில் அந்தப் பாதி பச்சையாக நின்றது, மற்றது தலைசாய்ந்தது. ஊரில் இன்று ஏழெட்டுப் பேர் என்னிடம் தொட்டி வாங்கிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் வண்டியில் ஏற்றும்போது, மூன்று டிரம் தண்ணீராவது ஊற்றுங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

இப்போதும் கரி சுடுகிற நாளில் அக்கா என்னைத் தவறாமல் கூப்பிட்டுவிடுவார். போன மாதமும் போனேன். மூன்று டிரம் ஊற்றியாகிவிட்டது. கரி கறுத்து, பளபளத்து, அசைவில்லாமல் கிடந்தது. அக்கா தம் வலது கையை அதற்குள் நுழைத்து, சற்று நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்தார்.

"இந்தக் கையில எனக்குச் சூடு தெரியறதில்ல தம்பி. நீ வெச்சுப் பாரு."

முழங்கைவரை விட்டேன். குளிர்ந்துதான் இருந்தது.

"ஆறிப்போச்சா?"

"தெரியலீங்கக்கா."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், இன்னொரு டிரம் தண்ணீருக்கு மோட்டாரைப் போட்டுவிட்டார்.